திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பார்க்கும் பாட்டுப்போட்டி

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் நான் இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குப் போனேன். ஊர் பார்க்கப் போகவில்லை. அக்காவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. பிள்ளைகள் இருவரும் வேலை, படிப்பு என்று வெளியில் நிற்பவர்கள். அத்தானுக்கு இரவு வேலை. உதவிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று அக்கா கேட்டபடியால், விசாவுக்கு அலைந்து, காப்பு ஒன்றை அடகு வைத்து, மூன்று மாதத்துக்கென்று புறப்பட்டேன். கூழுக்கு ஒடியல் மாவும் அக்காவுக்குப் பிடித்த பனங்கட்டியும் பெட்டியில் இருந்தன. வேறு எதையும் நான் எதிர்பார்த்துப் போகவில்லை.

லைம் ஸ்ரீற் றெயில் நிலையத்தில் பெறாமகன் காத்து நின்றான். வெளியே வந்தால், தெருவெல்லாம் நீலமும் மஞ்சளுமாக இருந்தது. கடைக் கண்ணாடிகளில் கொடிகள், இதயப் படங்கள்.

"என்ன தம்பி, இஞ்ச தேர்தலோ?" என்று கேட்டேன்.

"இல்லை சித்தி, யூரோவிஷன். பாட்டுப்போட்டி" என்றான். பிறகு ஏதோ நினைத்தவனாய்ச் சிரித்து, "அம்மா உங்களுக்குச் சொல்லேல்லையோ? சொல்ல மாட்டா" என்றான்.

ஏன் சொல்லமாட்டா என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

லிவர்பூல் ஒரு துறைமுக நகரம். மேர்சி ஆறு கடலோடு சேருகிற வாயில் அது இருக்கிறது. கரையில் லிவர் கட்டடம் என்று பழைய பெரிய கட்டடம் ஒன்று. அதன் இரண்டு கோபுரங்களின் உச்சியிலும் செம்பினால் செய்த இரண்டு பறவைகள் சிறகை விரித்தபடி நிற்கின்றன. ஒன்று கடலைப் பார்க்கிறது, மற்றது ஊரைப் பார்க்கிறது. இந்தப் பறவைகள் பறந்துபோனால் ஊர் இல்லாமற் போய்விடும் என்று அந்தச் சனங்கள் சொல்வார்கள். பீற்றில்ஸ் என்ற பாடகர் குழு பிறந்த ஊரும் இதுதான். நால்வருக்கும் ஆற்றங்கரையில் சிலை இருக்கிறது. எங்கள் ஊர்களில் கோயில் வீதியைக் காட்டுவது போல, இவர்கள் பாட்டுக்காரர் நடந்த தெருக்களைக் காட்டுகிறார்கள்.

போட்டியைப் பற்றித் தெரியாத தோழிகளுக்காகச் சிறிது சொல்லவேண்டும். இது 1956இல் சுவிற்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளுடன் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிந்து பதினொரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஒன்றையொன்று குண்டுபோட்டு அழித்த நாடுகளின் ஒளிபரப்பு நிலையங்கள் சேர்ந்து, ஒரே நேரத்தில் எல்லா வீடுகளிலும் ஒரு நிகழ்ச்சியைக் காட்டமுடியுமா என்று செய்துபார்த்த முயற்சி அது. ஒவ்வொரு நாடும் ஒரு புதிய பாட்டைக் கொண்டுவரும். மூன்று நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக்கூடாது. ஒரு நாட்டுச் சனம் தன் நாட்டுக்கு வாக்களிக்க முடியாது. வென்ற நாடு அடுத்த ஆண்டு போட்டியை நடத்தும்.

2022இல் இத்தாலியின் தூரின் நகரில் வென்றது உக்ரேன். கலுஷ் ஓர்க்கெஸ்ட்ரா என்ற குழு தாயைப் பற்றிய ஒரு பாட்டைப் பாடி 631 புள்ளிகள் எடுத்தது. ரஷ்யப் படைகள் அந்நாட்டுக்குள் புகுந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது. போர் நடக்கும் நாட்டில் போட்டியை நடத்த முடியாது என்றபடியால், இரண்டாம் இடத்துக்கு வந்த பிரித்தானியா உக்ரேனுக்காக அதை ஏற்றுக்கொண்டது. லிவர்பூல் தெரிவாயிற்று. 1957 முதல் லிவர்பூலும் உக்ரேனின் ஒடெசாவும் சகோதர நகரங்களாம். இரண்டும் துறைமுகங்கள்.

இனி அக்காவின் கதைக்கு வருகிறேன்.

நானும் அக்காவும் சின்ன வயதில் பாட்டுப் பைத்தியங்கள். 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில்தான் ரேடியோ கேட்டோம். நான் சுற்றுவேன், அக்கா கேட்பார். கை உழைந்து வேகம் குறைந்தால் பாட்டும் இழுபடும். அப்போது எனக்குக் குட்டு விழும். பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' எங்களுக்கு வேதம் மாதிரி. அந்த நிகழ்ச்சி வராத காலத்திலும், பதுங்குகுழிக்குள் இருந்து ஒருவருக்கொருவர் எழுத்துக் கொடுத்துப் பாடியிருக்கிறோம்.

1995 இடப்பெயர்வோடு நான் வன்னிக்குப் போனேன். அக்கா கொழும்பு வழியாகக் கலியாணம் முடித்து 1997இல் லிவர்பூலுக்குப் போனார். அடுத்த ஆண்டு மே மாதம், அத்தான் வேலைக்குப் போன ஓர் இரவில், தனியே இருந்து ரிவியைத் தட்டியபோது இந்தப் போட்டி போனதாம். 1998இல் அது பேர்மிங்காம் நகரில் நடந்தது. அந்த ஆண்டு வரையில் ஒவ்வொரு நாடும் தன் சொந்த மொழியில்தான் பாடவேண்டும் என்ற விதி இருந்தது.

"அண்டைக்குத்தான் பிள்ளை இந்த நாட்டில எனக்கு மூச்சு வந்தது" என்றார் அக்கா. "கடைக்குப் போனா விளங்காது, டொக்டரிட்டப் போனா விளங்காது. எல்லாரும் என்னைப் பாத்து மெல்லமாக் கதைப்பினம், செவிடிக்குக் கதைக்கிற மாதிரி. அண்டைக்கு அந்தப் பாட்டுகள் எனக்கும் விளங்கேல்லை, இங்கிலீஷ்காரருக்கும் விளங்கேல்லை. எல்லாரும் ஒண்டுதான்."

அன்றிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் பார்க்கிறார். பார்ப்பதோடு நிற்பதில்லை. ஒரு கொப்பியில் கோடு கீறி, 'பாட்டு', 'உடுப்பு', 'ஆட்டம்' என்று மூன்று நிரலில் புள்ளி போடுவார். பழைய கொப்பிகள் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருந்தன. ஆனால் போட்டி தொடங்குமுன் முன்னறையின் திரைச்சீலையை இழுத்துவிடுவார். தெருவில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. "எங்கட ஆக்கள் கண்டா என்ன நினைப்பினம்?" என்பார்.

வெட்கப்படுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. நானும் பழைய காட்சிகளைப் பெறாமகனின் கணினியில் பார்த்தேன். நல்ல சங்கீதம் தேடுபவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. 1981இல் வென்ற பிரித்தானியக் குழுவின் இரண்டு ஆண்கள் பாட்டின் நடுவில் கூடப் பாடும் இரண்டு பெண்களும் போட்டிருந்த பாவாடையை உருவி எறிகிறார்கள், உள்ளே குட்டைப் பாவாடை. 2006இல் பின்லாந்திலிருந்து பேய் வேடம் போட்டு வந்தவர்கள் பாடவில்லை, கத்தினார்கள், அவர்கள்தான் வென்றார்கள். 2007இல் உக்ரேனுக்காக ஓர் ஆண் நகைச்சுவைக்காரர், தலையில் பெரிய வெள்ளி நட்சத்திரத்தோடு பெண் வேடத்தில் வந்து இரண்டாம் இடம் எடுத்தார். மினுக்கம், புகை, நெருப்பு, காற்றாடியில் பறக்கும் தலைமயிர். எங்களூரில் பெட்டி கட்டிய நாடகத்துக்கு யாரோ கோடிக்கணக்கில் காசு கொடுத்தது போல.

எனக்குப் பிடித்தது 2012இல் ரஷ்யாவிலிருந்து போன ஆறு ஆச்சிமார். உட்மூர்த்தியா என்ற பகுதியில் புரானோவோ என்று ஒரு கிராமம். அங்கத்தைய உட்மூர்த் மொழி பேசும் கிழவிகள் அவர்கள். சோவியத் காலத்தில் அழிக்கப்பட்ட தங்கள் ஊர்த் தேவாலயத்தைத் திரும்பக் கட்டக் காசு சேர்ப்பதற்காகப் பாடியவர்கள். பாட்டு நடக்கும்போதே மேடையில் போறணை வைத்துப் பணியாரம் போல ஏதோ சுட்டெடுத்தார்கள். கால் வலிக்கிற ஆட்கள் ஆடுகிற மாதிரித்தான் ஆடினார்கள். இரண்டாம் இடம் கிடைத்தது. அந்த ஆண்டு முதலாம் இடம் சுவீடனின் லொரீன் என்ற பெண்ணுக்கு. அக்காவின் கொப்பியில் ஆச்சிமாருக்கு உடுப்புக்குப் பத்துக்குப் பத்து போட்டிருந்தது.

இதையெல்லாம் சிரித்துச் சிரித்து அக்கா காட்டியபோது, எனக்கு முதலில் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இந்தப் போட்டி எப்போதும் மே மாதத்தில் வருகிறது. மே மாதத்தில் எங்கள் வீட்டில் ரிவி போடுவதில்லை. பதின்மூன்று ஆண்டுகளாக அப்படித்தான். பன்னிரண்டாம் திகதியிலிருந்து பதினெட்டு வரை கஞ்சி காய்ச்சுவோம், விளக்கு வைப்போம். அந்த ஆண்டு இறுதிப்போட்டி மே 13, சனிக்கிழமை. அக்கா வாய் திறந்து கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுப்படியில் இரண்டு பேருக்கும் இடையில் அது நின்றுகொண்டிருந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் மருந்து வாங்கப் போன இடத்தில், நகரத்தின் நடுவே கூரையில்லாத தேவாலயம் ஒன்றைக் கண்டேன். சென் லூக்ஸ் தேவாலயம். கோபுரம் இருக்கிறது, நான்கு பக்கச் சுவர் இருக்கிறது, யன்னல்களில் கண்ணாடி இல்லை, மேலே வானம். 1941ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் திகதியிலிருந்து ஏழாம் திகதி வரை ஜேர்மன் விமானங்கள் இந்த நகரத்தையும் ஆற்றின் அக்கரையையும் ஏழு இரவுகள் தொடர்ந்து குண்டுபோட்டன. சுமார் 1,700 பேர் இறந்தார்கள். தேவாலயத்தில் நெருப்புக் குண்டு விழுந்து உள்ளே எல்லாம் எரிந்துபோனது. அதைத் திருத்தாமல் அப்படியே நினைவாக விட்டுவிட்டார்கள். உள்ளே புல் வளர்ந்திருந்தது. இரண்டு பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கும் மே மாதம்தானா என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

மே 9, செவ்வாய்க்கிழமை, முதலாவது அரையிறுதி. அன்று பின்னேரம் பெறாமகன் எங்கள் இருவரையும் காரில் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனான். பியர் ஹெட் என்ற அந்த வெளியில் பெரிய திரைகள் கட்டி, சாப்பாட்டுக் கடைகள் போட்டு, ஒரு திருவிழா நடத்தினார்கள். நகரம் முழுவதும் பன்னிரண்டு இடங்களில் பெரிய இராக்குயில் உருவங்கள் வைத்திருந்தார்கள். இராக்குயில் உக்ரேனின் தேசியப் பறவை. ஒவ்வொரு பறவையும் உக்ரேனின் ஒவ்வொரு பகுதிக்கு. அங்கே இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் நிற்கும். குளிர்காற்று ஆற்றிலிருந்து வந்து முகத்தில் அடித்தது. அக்கா பொல்லை ஊன்றிக்கொண்டு ஒரு வாங்கில் இருந்தார்.

எங்களுக்குப் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பேத்தியின் கன்னத்தில் நீலமும் மஞ்சளும் பூசிவிட்டுக்கொண்டிருந்தார். உக்ரேனிலிருந்து வந்தவர். ஆங்கிலம் அவருக்கும் குறைவு, எனக்கும் குறைவு. கைத்தொலைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டிக் கதைத்தோம். மகன் படையில் என்றார். எங்கே என்று காட்டவில்லை, நான் கேட்கவுமில்லை. உங்கள் நாடு போட்டியில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் எங்களுக்குப் போடுங்கள் என்று காட்டினார். (அந்த ஆண்டுதான் போட்டியில் இல்லாத நாட்டவரும் இணையத்தில் வாக்களிக்கும் முறை முதன்முதலாக வந்தது. கிளிநொச்சியில் இருந்த என் மகளுக்குச் சொன்னேன். "அதுக்கு வங்கி அட்டை வேணும் அம்மா" என்று முடித்துவிட்டாள்.)

அப்போது திரையில் குரோவேஷியா நாட்டின் லெற் 3 என்ற குழு வந்தது. வயதான ஆண்கள், பெரிய மீசை, படை அதிகாரிகளின் நீண்ட கோட்டு, மேடையில் ஏவுகணைகள். போர் நடத்தும் சர்வாதிகாரிகளைப் பழிப்புக் காட்டுகிற பாட்டு. கடைசியில் கோட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளுடுப்போடு நின்றார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அந்த உக்ரேனியப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தார். மகனைப் போர்முனையில் விட்டுவிட்டு இப்படியும் சிரிக்கலாமா என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. வந்ததை மறைக்கவில்லை. நான் சிரிக்கவில்லை. பக்கத்தில் அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் பெறாமகன் 1993ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னான். அயர்லாந்தில் மில்ஸ்ரீற் என்ற மிகச் சிறிய ஊரில், குதிரைப் போட்டி நடக்கும் கொட்டகையில் அந்த ஆண்டுப் போட்டி நடந்தது. பொஸ்னியா முதல் தடவையாக வந்தது. அதன் தலைநகர் சரஜேவோ 1992 ஏப்ரலிலிருந்து முற்றுகைக்குள் இருந்தது. பாடகரும் கூட வந்தவர்களும் இரவில், சூட்டுக்கு நடுவே, விமான நிலையத்தின் ஓடுபாதையைக் குறுக்கறுத்து ஓடித்தான் வெளியேறினார்கள். அவர்களுடைய பாட்டின் தலைப்பு 'உலகின் வேதனை எல்லாம்' என்று பொருள்படும். வாக்களிக்கும் நேரம் வந்தபோது சரஜேவோவிலிருந்து தொலைபேசி இணைப்புக் கிடைத்தது. இரைச்சலுக்குள்ளால் அந்தக் குரல் கேட்டவுடன் கொட்டகையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பதினாறாம் இடம்தான் கிடைத்தது.

ஒரு குரலுக்காகத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பது எப்படி என்று எங்களுக்குத் தெரியும்.

நடத்துபவர்கள் இந்தப் போட்டியில் அரசியல் இல்லை என்று சொல்லிக்கொள்வார்கள். அதை நான் நம்பவில்லை. 2016இல் ஜமாலா என்ற கிரிமியத் தாத்தார்ப் பெண், 1944இல் ஸ்ராலின் தன் இனத்தையே நாடுகடத்தியதைப் பாடி உக்ரேனுக்கு வெற்றி எடுத்தார். 2022இல் ரஷ்யா படையெடுத்த மறுநாளே போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. அதே கண்டிப்பு எல்லோருக்கும் இல்லை. 2024இல் சுவீடனின் மல்மோவில் போட்டி நடந்தபோது, காசாவில் சனங்கள் கொல்லப்படுகையில் இஸ்ரேல் பாடலாமா என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். 2025 டிசம்பரில், 2026 போட்டிக்கு வரமாட்டோம் என்று ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் இதே காரணத்தால் அறிவித்தன. அக்கா 2024இல் பார்க்கவில்லை. 2025இல் பார்த்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மே 13 வந்தது. காலையில் நான் கஞ்சி காய்ச்சினேன். உப்பும் அரிசியும் தண்ணீரும் மட்டும். அக்கா, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் குடித்தார்கள். சின்ன விளக்கொன்று கொளுத்தி வைத்தோம். பின்னேரம் ஏழரைக்கு அக்கா முன்னறைக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீ மேல போய்ப் படு பிள்ளை, நான் சத்தத்தைக் குறைச்சுவிடுறன்" என்றார். நான் போகவில்லை. ஒரு கோப்பைத் தேநீரோடு பக்கத்தில் இருந்தேன். அக்கா ஒன்றும் பேசாமல் எனக்கும் ஒரு கொப்பித்தாளில் கோடு கீறித் தந்தார்.

26 நாடுகள். தொடக்கத்தில் முந்திய ஆண்டு வென்ற உக்ரேன் குழு பாட, இளவரசி கேத்தரின் நீலச் சட்டையோடு பியானோ வாசித்த காட்சியைக் காட்டினார்கள். ஸ்பெயின் பெண் தன் இறந்துபோன பாட்டியை நினைத்துத் தாலாட்டுப் போல ஒன்று பாடினார். அதற்கு நான் ஒன்பது போட்டேன், நாடுகள் பதினேழாம் இடத்தில் விட்டன. சுவீடனின் லொரீன், நீண்ட நகங்களோடு, மேலும் கீழும் இரண்டு பெரிய திரைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு பாடத் தொடங்கினார். இடியப்ப உரலுக்குள் அகப்பட்ட மா மாதிரி என்றேன். அக்கா தேநீரைச் சிந்திவிட்டார். பின்லாந்துப் பொடியன் வெறும் மேலில் பச்சை நிறத்தில் கையை மட்டும் மூடுகிற ஊதின சட்டை போட்டு, மரப்பெட்டிக்குள்ளிருந்து வந்து துள்ளினான். அக்கா இருபது வாக்குகளையும் அவனுக்கே போட்டார். முருங்கைக்காய் விலை கூட என்று மூன்று கடை ஏறி இறங்குகிற அதே அக்கா.

உக்ரேனுக்காக வந்தவர்கள் த்வோர்ச்சி என்ற இருவர். ஒருவர் உக்ரேனியர். மற்றவர் நைஜீரியாவில் பிறந்து, மருந்தாளர் படிப்புக்காக மேற்கு உக்ரேனின் தெர்னோப்பில் நகருக்குப் போனவர். மரியுப்போல் உருக்காலைக்குள் அகப்பட்டு நின்றவர்களை நினைத்து எழுதிய பாட்டு. நல்லாய்த்தான் பாடினார்கள்.

புள்ளி சொல்லத் தொடங்கிய நேரம் பெறாமகன் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அம்மா, இவையின்ர ஊருக்கு அடிச்சிருக்கிறாங்கள். பாட மேடைக்கு ஏறுறதுக்குக் கொஞ்சம் முன்னால." தெர்னோப்பில் நகரத்தில் ஏவுகணை விழுந்திருந்தது. திரையில் மினுக்கம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டு ஒரு நாட்டின் பெயரைச் சொன்னார். அரங்கம் கத்தியது.

அக்கா சத்தத்தை நிற்பாட்டினார். கொஞ்ச நேரம் படம் மட்டும் ஓடியது.

"அண்டைக்கும் இதுதான் நடந்தது" என்றார்.

"எண்டைக்கு?"

"2009இல. மே 16. மொஸ்கோவில நடந்தது."

பிள்ளைகள் மெல்ல எழுந்து மாடிக்குப் போய்விட்டார்கள்.

"அத்தான் லண்டனுக்குப் போயிட்டார், பாராளுமன்றத்துக்கு முன்னால சனம் நிண்டது. நானும் ரெண்டு தரம் போட்டு வந்தனான். அண்டைக்குச் சின்னனுகளோட வீட்டில. மாசிக்குப் பிறகு உன்னட்டை இருந்து ஒரு சத்தமும் இல்லை. ரெலிபோனை மடியில வைச்சுக்கொண்டு இருந்தனான். நியூஸ் பாக்கப் பயமாக் கிடந்தது. சனலை மாத்தினன், இது போச்சுது. நோர்வேப் பொடியன் ஒருத்தன் வயலினோட துள்ளினான். நிப்பாட்ட மனம் வரேல்லை. கடைசி மட்டும் பாத்தனான்." நிறுத்திவிட்டு, "சிரிச்சும் இருக்கிறன் பிள்ளை. பதினாலு வருசம் ஆருக்கும் சொல்லேல்லை" என்றார்.

நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். அங்கே இரவு எட்டு மணி என்றால் எங்கள் நாட்டில் மறுநாள் அதிகாலை பன்னிரண்டரை. மே 17. அந்த நேரம் நான் எங்கே, யாரோடு, எதற்குள் கிடந்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. விடிந்தபின் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவர்கள் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களிலும் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும்.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு கணம் வந்தது. எழும்பி அடுப்படிக்குப் போய்க் கேத்தலைப் போட்டேன். தண்ணீர் கொதிக்கும் வரையில் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மெனிக் பாம் நினைவுக்கு வந்தது. நானும் இதுவரை ஒருவருக்கும் சொல்லாத ஒன்று.

தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அக்காவுக்குச் சொன்னேன். முகாமுக்கு வந்து மூன்றோ நான்கோ கிழமை இருக்கும். ஒரு கூடாரத்துக்குள் மூன்று குடும்பம். பகல் முழுவதும் தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை. இரவில் வெளிச்சமில்லை, நித்திரையுமில்லை. ஒரு நாள் இருட்டுக்குள் ஒரு பிள்ளை 'பாட்டுக்குப் பாட்டு' விளையாடுவோமா என்று கேட்டது. எல்லோருக்கும் நெஞ்சு திக்கென்றது. அந்தக் கூடாரத்தில் யாரையும் இழக்காதவர் ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் சத்தமேயில்லை. பிறகு யாரோ ஓர் எழுத்தைச் சொன்னார்கள். யாரோ பாடினார்கள். அடுத்த கூடாரத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு பல இரவுகள் அப்படிப் பாடினோம்.

"நீயும் பாடினனியோ?" என்று கேட்டார் அக்கா.

"ஓம்."

"உனக்கு அந்தரமா இருக்கேல்லையோ?"

"இருந்தது. விடிஞ்சாப் பிறகு ஒருத்தற்றை முகத்தை ஒருத்தர் பாக்க மாட்டம். பிறகும் இரவில பாடினம்."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தத்தைத் திரும்பக் கூட்டினார். லொரீன் 583 புள்ளிகளோடு இரண்டாம் தடவையாக வென்றிருந்தார். பார்ப்பவர்களின் வாக்கில் பின்லாந்துப் பொடியன்தான் மிக முன்னால் நின்றான், 376. நடுவர்கள் அவனுக்கு 150தான் கொடுத்தார்கள். உக்ரேன் ஆறாம் இடம். "சனத்தின்ர வோட்டுக்கு எங்கயும் மதிப்பில்லை" என்று அக்கா கொப்பியை மூடிவைத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழங்காலுக்கு நடை வேண்டுமென்று இருவரும் பஸ்ஸில் நகரத்துக்குப் போனோம். ஆற்றங்கரையில் வேலையாட்கள் திரைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நித்திரை முழித்த முகத்தோடு சனங்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு றெயிலுக்குப் போனார்கள். திரும்பி வரும்போது எங்களுக்கு முன் இருக்கையில், பச்சை ஊதின கையோடு ஒரு பொடியன் தலையைக் கண்ணாடியில் சாய்த்து நித்திரை.

"அந்தக் கூடாரத்தில ஆர் நல்லாப் பாடினது?" என்று அக்கா திடீரென்று கேட்டார்.

"நல்லாப் பாடினது எண்டு ஒருத்தரும் இல்லை. ஆனா ஒரு ஆச்சி இருந்தவ. அவவுக்கு ஒரேயொரு பாட்டுத்தான் தெரியும். எந்த எழுத்துக் குடுத்தாலும் அந்த எழுத்தை முன்னுக்கு வைச்சு ஒரு இழுவை இழுத்து, அப்பிடியே தன்ர பாட்டுக்குள்ள போயிடுவா. 'க' எண்டா 'கா...' எண்டு இழுத்து அதே பாட்டு. 'ம' எண்டா 'மா...' எண்டு அதே பாட்டு."

"ஒருத்தரும் பிழை சொல்லேல்லையோ?"

"ஆர் சொல்லுறது? ஆச்சி அடிப்பா."

அக்கா யோசித்தார். "அப்ப 'ங' குடுத்தா?"

"ஒருநாள் குடுத்தம்" என்று, நான் அந்த ஆச்சி இழுத்தது போலவே மெல்ல இழுத்துக் காட்டினேன். அக்கா வாயைப் பொத்தாமல் சிரித்த சிரிப்பில் முன்னால் இருந்த பொடியன் திடுக்கிட்டு முழித்துத் திரும்பிப் பார்த்தான்.